மை வைக்காத விரல்

2024 ஏப்ரல் 19 அன்று எங்கள் குடும்ப வாட்ஸப் குழு முழுக்க விரல்கள். அப்பா, அம்மா, சித்தி, முதல் ஓட்டுப் போட்ட தம்பி என்று எல்லார் விரலிலும் மை. ஊர் வாக்காளர் பட்டியலில் என் பெயரும் இருந்தது. ஆனால் வெளிநாட்டில் இருப்பவர் நேரில் வந்துதான் ஓட்டுப் போட வேண்டும் என்பது இந்திய விதி. விமான டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

இரண்டரை மாதம் கழித்து, ஜூலை 4, வியாழக்கிழமை, லண்டன் ஈஸ்ட் ஹாமில் நான் ஓட்டுப் போட்டேன்.

"சிட்டிசன்ஷிப் வாங்கிட்டியாடா?" என்று அம்மா பதறினாள். வாங்கவில்லை. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் முறையான விசாவோடு பிரிட்டனில் வசித்தால், பெயரைப் பதிந்துகொண்டு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். இந்திய பாஸ்போர்ட்டையே அடையாளமாகக் காட்டினேன். தாளில் பெருக்கல் குறி போட ஒரு பென்சில் இருந்தது. மை கிடையாது. "பென்சிலா? அழிச்சிர மாட்டாங்களா?" என்று அம்மா கேட்டாள். ஈஸ்ட் ஹாமில் அழித்து என்ன ஆகப்போகிறது என்றுதான் அன்று காலை வரை நினைத்திருந்தேன்.

ஏனென்றால் இங்கே யார் ஜெயிப்பார் என்று கேட்பதே கேலியாகப் பார்க்கப்படும். லேபர் கட்சியின் ஸ்டீபன் டிம்ஸ் 1994 இடைத்தேர்தலில் நியூஹாம் வடகிழக்குத் தொகுதியில் ஜெயித்து நாடாளுமன்றம் போனவர். அந்தத் தேர்தலில் லிபரல் டெமாக்ரட் வேட்பாளரே வாக்குப்பதிவுக்குச் சற்று முன் லேபரில் சேர்ந்துவிட்டார். தொகுதி 1997இல் ஈஸ்ட் ஹாம் ஆனது. ஆள் மாறவில்லை.

அதற்கும் முன்னால் ஒரு கதை உண்டு. அதே நியூஹாம் வடகிழக்கின் லேபர் எம்.பி. ரெஜ் பிரெண்டிஸை, 1975இல் சொந்தத் தொகுதிக் கட்சிக்காரர்களே இனி வேட்பாளர் இல்லை என்று ஒதுக்கினார்கள். 1977இல் அவர் கன்சர்வேடிவ் கட்சிக்குத் தாவினார். கட்சித் தாவல் தடைச் சட்டமெல்லாம் அங்கே இல்லை. 1979இல் வேறொரு தொகுதிக்குப் போய் ஜெயித்தார். இங்கே மக்கள் மறுபடி லேபருக்கே போட்டார்கள். தலைவர் தாவினாலும் தொகுதி தாவவில்லை.

நான் வாடகைக்கு இருக்கும் வீட்டு அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். தேர்தலுக்கு ஒரு வாரம் முன், சமையலறையில் அவரிடம் கேட்டேன்.

"யாருக்குக்கா போடுவீங்க?"

"இதென்ன கேள்வி தம்பி? இருபது வருசமா ஒருத்தருக்குத்தானே போடுறன்."

இங்கே வாக்கு ரகசியம் என்று ஒன்றே கிடையாதோ என்று தோன்றியது. எல்லாருக்கும் எல்லார் ஓட்டும் தெரியும். ஊரில் வீடு வீடாக வந்து கும்பிடுவார்கள், அத்தனையும் நடிப்பு என்றே வைத்துக்கொள்வோம். தோற்கும் பயம் இருந்தால்தான் அந்த நடிப்பும் வரும். என் கதவை யாரும் தட்டவில்லை. கதவிடுக்கில் துண்டுத்தாள்கள் மட்டும் விழுந்தன.

பழைய எண்களைத் தேடிப் பார்த்தேன். 2001இல் வாக்கு வித்தியாசம் 21,032. இராக் போருக்குப் பின் 2005இல் அது 13,155. அந்தப் போரை எதிர்த்துப் பிறந்த ரெஸ்பெக்ட் கட்சி இரண்டாமிடம் வந்திருந்தது. ஆனால் 2010இல் 27,826. அந்தத் தேர்தலில் நாட்டிலேயே அதிகமான வித்தியாசம் அதுதான். 2017இல் 39,883. நூறில் 83 பேர் ஒருவருக்கே போட்டிருக்கிறார்கள்.

2010 என்ற எண்ணில் நான் நின்றுவிட்டேன். அதற்கு முந்தைய வருடம்தான் முள்ளிவாய்க்கால். லண்டன் தமிழர்கள் வாரக்கணக்கில் நாடாளுமன்றச் சதுக்கத்தில் போரை நிறுத்தச் சொல்லி நின்றார்கள். அப்போது ஆட்சியில் இருந்தது லேபர்.

அக்காவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"ஓம், நாங்களும் அங்க போய் நிண்டனாங்கள். சின்னவளையும் கொண்டுபோனனான்." கொஞ்ச நேரம் பேசவில்லை. "அடுத்த வருசம் லேபருக்குத்தான் போட்டனான். வேற ஆருக்குப் போடுறது? மற்றவை வந்தா மட்டும் எங்கட சனத்தைக் காப்பாத்தியிருப்பினமோ? விசாப் பிரச்சினை, வீட்டுப் பிரச்சினை எண்டு போனா இந்த மனுசன் இருந்து கேட்கும். அதுக்குப் போட்டனான்."

அதில் விசுவாசம் இருந்ததா, சலிப்பு இருந்ததா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. பாதுகாப்பான தொகுதி என்று கட்சிகள் சொல்வது இந்தச் சமையலறையைத்தான் போலும். போக வேறு இடம் இல்லாதவர்கள் இருப்பதால் கட்சிக்கு அது பாதுகாப்பு.

ஜூலை 5 விடிந்தபோது முடிவு வந்திருந்தது. டிம்ஸ் ஜெயித்துவிட்டார். 19,570 வாக்குகள், 51.6 சதவீதம். வித்தியாசம் 12,863. இரண்டாமிடத்தில் காஸாவை முன்வைத்து நின்ற ஒரு சுயேச்சை. நாடு முழுக்க லேபர் அலை வீசிய நாளில், அதன் கோட்டையில் இந்தச் சரிவு. அந்த ஆண்டு தொகுதி எல்லைகள் மாறியதால் பழைய எண்களோடு அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் 83இலிருந்து 51க்கு இறங்கியதை எல்லைக் கோடு மட்டும் விளக்காது.

இரண்டு முறை இந்தத் தொகுதி ஆடியிருக்கிறது. இரண்டுமே தூரத்துப் போர்களால். 2005க்குப் பிறகு ஐந்தே வருடத்தில் பழையபடி இறுகிக்கொண்டது, அதனால் 2029க்குள் வரும் அடுத்த தேர்தலில் இதுவும் ஆறிவிடும் என்று கட்சிக்காரர்கள் நம்பலாம். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. 2005இல் போனவர்கள் திரும்பி வந்தார்கள் என்பது உண்மை. அவர்கள் சமாதானமாகி வந்தார்களா, அக்காவைப் போல வேறு வழியில்லாமல் வந்தார்களா என்பது எந்த அட்டவணையிலும் இல்லை.

அன்று இரவு அக்கா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். தொலைக்காட்சியில் முடிவுகள் ஓடின.

"இந்தத் தடவையும் அவருக்குத்தானக்கா?"

அக்கா திரும்பிப் பார்த்தார். சிரிப்பு வந்தும் வராமலும் நின்றது.

"அதை ஏன் உமக்குச் சொல்லோணும்?"