பனங்கிழங்கு

உவரி என்னும் சொல்லுக்குக் கடல் என்பது பொருள். திருநெல்வேலி மாவட்டத்தின் தென்பகுதியில் அப்பெயர் தாங்கிய கடற்கரை ஊர் ஒன்று உண்டு. அதன் ஒரு புறம் நீலக்கடல்; மறு புறம் செம்மணல் நிலம். தாமிரபரணி பாயும் பசுவயல்களை அங்குக் காண இயலாது. அந்த வறண்ட மணலில் தலைநிமிர்ந்து நிற்பது பனைமரமே. கடல் மீன் தந்தது. பனை பதநீரும் நுங்கும் கருப்புக்கட்டியும் கிழங்கும் தந்தது.

மக்காச்சோளக் கதிரை வேகவைத்து, சூடு ஆறுமுன் உண்ணும் வழக்கம் இன்று எங்கும் பரவியுள்ளது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அப்பயிருக்கு நகரத்து வீடுகளில் உள்ள இடம், எங்கள் பக்கத்து வீடுகளில் பனங்கிழங்கிற்கு உண்டு.

ஆடி, ஆவணித் திங்களில் பனம்பழங்கள் கனிந்து உதிரும். ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று கொட்டைகள் இருக்கும். அவற்றை மணற்பாத்தியில் நெருக்கமாக அடுக்கி மண்ணால் மூடுவர். கொட்டையிலிருந்து வெளிப்படும் முளை உடனே வானை நோக்கி எழுவதில்லை. ஈரத்தை நாடி மண்ணுக்குள் கீழே செல்லும். கொட்டையில் சேர்ந்திருக்கும் உணவைச் சிறிது சிறிதாகப் பெற்று அது பருக்கும். நாம் அதனைக் கிழங்கு என்கிறோம். உண்மையில் அது ஓர் இளம்பனையே. மூன்று நான்கு திங்களில் அதனைத் தோண்டி எடுத்தல் வேண்டும். காலம் கடந்தால் நார் முற்றிவிடும். ஆதலின் மார்கழியும் தையுமே அதற்கு உரிய பருவம். பொங்கல் நாளில் கரும்போடும் மஞ்சளோடும் பனங்கிழங்கும் இடம்பெறும்.

அதனை வேகவைப்பதில் என் ஆச்சி கைதேர்ந்தவர். கிழங்கில் ஒட்டிய மண்ணை நன்கு கழுவுவார். வேரையும் நுனியையும் நறுக்குவார். பின்பு பானையில் கிழங்குகளை நெட்டாக நிறுத்தி, நீர் ஊற்றி, உப்பும் மஞ்சள்தூளும் இட்டு மூடுவார். பனையோலையும் மட்டையுமே விறகு. ஒரு மணி நேரத்திற்கு மேல் அடுப்பு எரியும். நாங்கள் பானையைச் சுற்றி வந்தால், "பொறுங்கள் ஐயா, அரைவேக்காட்டுக் கிழங்கு வயிற்றுக்கு ஆகாது" என்பார். வெந்த கிழங்கின் தோலை உரித்து, நெடுக்காகப் பிளந்து, நடுவிலுள்ள குருத்தையும் நாரையும் நீக்கித் தருவார். எஞ்சியதை உரலில் இட்டு, பச்சைமிளகாயும் பூண்டும் உப்பும் சேர்த்து இடிப்பதும் உண்டு. யாழ்ப்பாணத்தில் கிழங்கை உலர்த்தி ஒடியல் ஆக்குவர். அம்மாவில் மீன் சேர்த்துக் காய்ச்சும் ஒடியற்கூழ் அந்நாட்டின் புகழ்பெற்ற உணவாகும்.

ஒரு நாள் நான், "ஆச்சி, கிழங்கு இளம்பனை என்றால், நாம் பனைகளை அல்லவா தின்றுவிடுகிறோம்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "பாத்தி போடுமுன் பத்துக் கொட்டையை எடுத்து வேலியோரம் புதைக்கிறேனே, பார்த்ததில்லையா? அது தின்பதற்கு அன்று, நிற்பதற்கு" என்றார்.

பனை பாளை விடுவதற்கு 12 முதல் 20 ஆண்டுகள் வரை ஆகும். அப்போது ஆச்சிக்கு எழுபது வயது கடந்திருந்தது. தாம் புதைத்த கொட்டையின் பதநீரைத் தாம் பருக இயலாது என்பதை அவர் அறிவார். அறிந்தும் ஆண்டுதோறும் புதைத்தார்.

பனை 1978 முதல் தமிழ்நாட்டின் மாநில மரமாக விளங்குகிறது. ஆயினும் செங்கற்சூளைகளுக்கு இரையான பனைகள் எண்ணற்றவை. மாவட்ட ஆட்சியரின் இசைவின்றிப் பனையை வெட்டலாகாது என்று 2021ஆம் ஆண்டு வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. வெட்டும் கையைச் சட்டம் தடுக்கலாம். நடும் கையை அது தர இயலாது. அக்கை வீடுதோறும் தோன்றுதல் வேண்டும்.

மாணவர்களே! தைத் திங்களில் பனங்கிழங்கு கிடைத்தால் மகிழ்ந்து உண்ணுங்கள். அடுத்த ஆவணியில் பனங்கொட்டை கிடைத்தால், ஒன்றையேனும் குளக்கரையிலோ வேலியோரத்திலோ புதையுங்கள். பனை தனக்கென நீர் கேட்பதில்லை. நம்மிடம் அது கேட்பது சிறிது இடமும் நெடிய பொறுமையுமே.