தூர் வாருமுன் ஒரு குழாய்

ஏரியின் அடியில் ஆண்டுதோறும் வண்டல் படிகிறது. யாரும் கலைக்காவிடில் பழையது கீழும் புதியது மேலுமாக அடுக்கு நிற்கும். ஒரு குழாயை நேராக இறக்கி அந்தச் சேற்றுத் தூணை எடுத்து, மெல்லிய வில்லைகளாக அறுத்து, ஒவ்வொன்றிலும் ஈயமும் குரோமியமும் எவ்வளவு என்று அளந்தால், நீர் எப்போது கெடத் தொடங்கியது என்பதை ஓரளவு சொல்லிவிடலாம். ஏறத்தாழ 22 ஆண்டுகளுக்கொருமுறை பாதியாகும் ஈயம்-210, கடந்த நூறாண்டுக் கணக்குக்குப் போதும். சீசியம்-137 இன்னொரு அடையாளம். வளிமண்டல அணுகுண்டுச் சோதனைகளின் எச்சமான அது 1963ஐ ஒட்டிய அடுக்கில் உச்சம் காட்டும். எங்கோ வெடித்தது நம்மூர்ச் சேற்றில் தேதி குத்தியிருக்கிறது!

கொடைக்கானலில் வெப்பமானி ஆலை 2001இல் மூடப்பட்டது. அதன் பின்னும் ஏரிப் படிவில் பாதரசம் கண்டறியப்பட்டது. நீர் வழிந்தோடிவிடும், சேறு ஓடாது.

சித்தூர், திருப்பதிப் பக்கத்து ஏரிகளில் இந்த வாசிப்பு அத்தனை எளிதன்று. கோடையில் வற்றிப் பாளம் பாளமாக வெடிக்கும், மாடுகள் மிதிக்கும். எல்லாவற்றுக்கும் மேல், தூர் வாருவார்கள். மொழியியல் படித்தவன் ஆதலால் சொற்களிடம் போகிறேன்: தெலுங்கின் செருவு, கன்னடத்தின் கெரெ, தமிழின் சிறை மூன்றும் ஒரு வேர். தெலுங்கில் வண்டலுக்கு ஒண்ட்ரு; அதுவும் நம் சொல்லுக்கு உறவே. இச்சொற்களில் அழுக்கு என்ற இழிவு கிடையாது. உழவருக்கு அது எரு. "ஏரி மண்ணு கொட்டுனா ரெண்டு வருசம் எரு வேணாம் நைனா" என்றார் சித்தூரை அடுத்த சிற்றூரில் ஒரு பெரியவர்.

ஆந்திரத்தின் நீரு-செட்டு, தமிழ்நாட்டின் குடிமராமத்து ஆகியவற்றை நான் எதிர்ப்பவனல்லன். ஏரி ஆழமாக வேண்டும். ஆனால் நகரச் சாக்கடை கலக்கும் ஏரியில் வாரும் மண் நேரே வயலுக்குப் போகிறது. பொக்லைன் இறங்குமுன் ஒரே ஒரு குழாய்ச் சேறு எடுத்துச் சோதிக்கக் கூடாதா? வரலாறும் எஞ்சும், வயலும் தப்பும்.

அந்தப் பெரியவர் முன்பெல்லாம் மேலேயுள்ள ஒரு முழம் நாறும் கறுப்பை ஒதுக்கிவிட்டு, அடியிலிருக்கும் மண்ணையே வண்டியேற்றுவாராம். கறுப்பு நிறம் மட்டுமே நஞ்சுக்குச் சான்றாகாது. காற்றுப்படாத சேறு கறுக்கத்தான் செய்யும். ஆயினும் அவர் அடுக்கைப் பார்த்தார். இப்போது இரண்டும் ஒரே லாரியில் ஏறுகின்றன.