புடாபெஸ்ட்: வெந்நீர் ஊறும் ஊர்

நாடாளுமன்றத்தையும் சங்கிலிப் பாலத்தையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் புடாபெஸ்டில் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்கள். மீதிப் பாதி வெந்நீரில் இருக்கிறது.

டான்யூப் ஆற்றுக்கு மேற்கே புடா, எல்லாம் குன்று. கிழக்கே பெஸ்ட், தட்டையான சமவெளி. பழைய புடாவையும் சேர்த்து மூன்று ஊர்களும் ஒரே நகரமானது 1873இல். குன்றும் சமவெளியும் கூடும் இடத்தில் பூமிக்குள் நீண்ட பிளவு ஓடுகிறது. புடா குன்றுகளின் சுண்ணாம்புப் பாறையில் இறங்கும் மழைநீர் ஆழத்தில் சூடேறி, அந்தப் பிளவின் வழியே ஆற்றோரத்தில் மேலே வருகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட ஊற்றுகள் உண்டு. ரோமர்கள் தங்கள் அக்வின்கம் நகரத்தில் குளியல் கூடங்கள் கட்டியிருந்தார்கள். அதன் இடிபாடுகளை இன்றும் பார்க்கலாம்.

ஆனால் இந்த ஊருக்குக் குளியலின் அழகைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் துருக்கியர்கள்தான். 1541 முதல் 1686 வரை புடா அவர்கள் கையில் இருந்தது. சோகொல்லு முஸ்தபா பாஷா கட்டிய ருடாஷ் குளியலகம் கெல்லேர்ட் குன்றின் அடிவாரத்தில் இன்றும் இயங்குகிறது. உள்ளே நுழைந்ததும் கண் இருட்டுக்குப் பழகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். எட்டுத் தூண்கள், அவற்றின் மேல் சுமார் பத்து மீட்டர் அகலக் குவிமாடம், அதில் சிறு சிறு துளைகள். அவற்றின் வழியே இறங்கும் வெளிச்சம் ஆவியில் கோடுகோடாக நிற்கும். நடுவில் எண்கோணக் குளம், 36 டிகிரி. நான்கு மூலைகளிலும் சின்னக் குளங்கள்: 28, 30, 33, 42. நாற்பத்திரண்டில் கால் வைத்தால் முதலில் சுடும், கழுத்துவரை இறங்கியதும் முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாகத் தளரும். பிறகு குளிர்ந்த நீரில் ஒரு முக்கு. இப்படி மாற்றிமாற்றிக் குளிப்பதில்தான் சுகமே இருக்கிறது. ஆண்கள் மட்டும் குளிக்கும் நேரங்களில் இடுப்பில் கட்டிக்கொள்ளச் சின்ன வெள்ளைத் துணி ஒன்று தருவார்கள். நம் கோவணத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். பின்பக்கம் திறந்தபடிதான் இருக்கும்.

துருக்கியர் கட்டிய இன்னொன்றான கிராய் குளியலகத்தின் கதை வேறு. அந்த இடத்தில் ஊற்றே கிடையாது. கோட்டை முற்றுகையிடப்பட்டாலும் குளியல் நிற்கக் கூடாது என்று, மதிலுக்கு உள்ளே கட்டி, வெளியே இருந்து குழாயில் வெந்நீர் கொண்டுவந்தார்கள். போர்க்காலத்திலும் குளியலை விடாத அந்த ஏற்பாட்டை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

புடா பக்கம் வெந்நீர் தானாக மேலே வருகிறது. பெஸ்ட் பக்கம் நிலைமை நேர்மாறு. அங்கே வெந்நீரைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். வில்மோஷ் ஜிக்மோந்தி என்ற பொறியாளர் 1868இல் துளையிடத் தொடங்கி, பத்து ஆண்டுகள் விடாமல் இறங்கி, 970 மீட்டர் ஆழத்தில் 74 டிகிரி நீரைத் தொட்டார். அந்தப் பொறுமையின் பலன்தான் 1913இல் திறந்த சேச்செனி குளியலகம். மஞ்சள் அரண்மனை போன்ற அந்தக் கட்டடத்தின் திறந்தவெளிக் குளத்தில், மார்பளவு நீரில் நின்றபடி பெரியவர்கள் சதுரங்கம் ஆடும் காட்சி உலகப் புகழ் பெற்றது. பக்கத்து விலங்குக்காட்சிச் சாலையின் நீர்யானைகளுக்கும் இங்கிருந்து வெந்நீர் போகிறது. இப்போது அங்கே சுற்றுலாக் கூட்டம் அதிகம். நிதானமாகக் குளிக்க நினைப்பவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அவர்கள் லூகாச் குளியலகத்துக்குப் போகலாம். முற்றத்துச் சுவரில் பளிங்குப் பலகைகள் பதித்திருக்கும். நோய் தீர்ந்தவர்கள் பல மொழிகளில் செதுக்கி வைத்த நன்றிகள் அவை. இந்த ஊர்க்காரர்களுக்கு இது கேளிக்கை அல்ல, வைத்தியம். மூட்டுவலிக்கு மருத்துவர் சீட்டு எழுதித் தருவார், அரசுக் காப்பீடு செலவில் ஒரு பங்கை ஏற்கும். ஊற்று நீரைக் குடிப்பதற்கென்றே தனிக் கூடங்களும் உண்டு. கந்தக வாடை அடிக்கும், வெதுவெதுப்பாக இருக்கும், உள்ளூர் முதியவர்கள் முகம் சுளிக்காமல் குடிப்பார்கள்.

1918இல் திறந்த கெல்லேர்ட் குளியலகம் 2025 அக்டோபரிலிருந்து சீரமைப்புக்காக மூடியிருக்கிறது. ருடாஷுக்குப் போவதானால் ஆண்களுக்கு எந்த நாள், பெண்களுக்கு எந்த நாள் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ரப்பர் செருப்பும் துண்டும் கொண்டுபோங்கள். நீச்சல் குளத்தில் இறங்கத் தலைக்குத் தொப்பி கட்டாயம். வார நாளில் விடியற்காலையே போய்விடுங்கள். அப்போது குளத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள்தான்.