கன்னியாவும் கண்ணாடித் தொட்டியும்

திருகோணமலையிலிருந்து அநுராதபுரம் செல்லும் பெருவீதியில் ஏறக்குறைய ஐந்து மைல் தூரத்தே, வீதியை விட்டுச் சிறிது உள்ளொதுங்கிக் கிடக்கின்றன கன்னியா வெந்நீர்க் கிணறுகள். ஏழு கிணறுகள்; சதுர வடிவானவை; அதிக ஆழமில்லாதவை. ஒன்றிற் கைவைத்தால் இளஞ்சூடு. மற்றொன்றிற் கைவைத்தால் உடனே எடுத்துக்கொள்ளத் தோன்றும். இராவணன் தன் தாய்க்குக் கருமஞ் செய்ய நீர் வேண்டி நிலத்திலே குத்தினான் என்றும், குத்திய ஏழிடத்தும் வெந்நீர் பொங்கிற்று என்றும் வழங்குங் கதையை வாசகர் பலரும் வீட்டுப் பெரியோர் வாய்க் கேட்டிருப்பர். அதனை இங்கு விரிக்கப் போவதில்லை. கன்னியாவைக் காணச் செல்வோர் அதிகம் பேசாத வேறொன்று உண்டு. அது ஒரு மீனின் செய்தி.

அயிரை என்றவுடன் எம்மவருட் பலருக்கு ஒரு பழமொழிதான் நினைவுக்கு வரும். அயிரையை விட்டு வராலைப் பிடிப்பது என்பார்கள். சிறியதை ஈந்து பெரியதைப் பறிக்கும் சாமர்த்தியத்தைச் சொல்வது அது. சங்கப் புலவரும் இம்மீனை நாரைக்குங் கொக்குக்கும் இரையாகவே கண்டனர். இரண்டங்குலம் இருக்கும். மணலின் நிறம், உடலிற் சில கரும்புள்ளிகள், வாயைச் சுற்றிச் சில சோடி மீசை. கண்ணின் கீழே தோலுள் மறைந்து ஒரு முள் உண்டு. பகை வந்தாற்றான் அது வெளிப்படும்.

இத்துணைச் சிறு மீனை வலன்சியேன் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1846 இல், தம் ஆசான் கூவியேயுடன் சேர்ந்து தொடங்கிய பெரும் மீன் நூலிலே, பெயர் சூட்டி விவரித்தார். அவருக்குக் கிடைத்த மீன்கள் திருகோணமலைக் கன்னியா வெந்நீரூற்றிலிருந்து சென்றவை. ஆகவே 'தெர்மாலிஸ்' என்று பெயரிட்டார். வெந்நீருக்குரியது என்பது பொருள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் குளந்தோறும் வாய்க்கால்தோறும் வாழும் மீனுக்குக் கன்னியாவின் சூடு உலகப் பெயராக நிலைத்துவிட்டது.

நாம் கற்பிப்பது தமிழ், விலங்கியலன்று. இவற்றையெல்லாம் அறிய நேர்ந்தது எமது வீட்டு முன்விறாந்தையில் உள்ள மூன்றடிக் கண்ணாடித் தொட்டியினால். ஐந்தாண்டுகளுக்கு முன், கிளிநொச்சிப் பக்கத்து மாணவன் ஒருவன், எம் மகனுக்கென்று வயல் வாய்க்காலிலே பிடித்த ஆறு அயிரைகளைப் போத்தலிற் கொண்டுவந்து தந்தான். தொட்டி ஒன்று வாங்கினோம். வீடு கட்டி மிஞ்சிய சல்லியைக் கழுவி அடியிற் பரப்பினோம். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. ஒரு மாதத்துள் அயிரைகளின் மீசைகள் தேய்ந்து குறுகின. மணலில் மூக்கை நுழைத்து இரை தேடும் பிராணிக்குக் கூரான கல்லைப் பரப்பினால் வேறென்ன ஆகும்? இரண்டு இறந்தன. பிறகே சல்லியை அள்ளிக் கொட்டிவிட்டு, அரித்துக் கழுவிய ஆற்றுமணலை இரண்டங்குலம் பரப்பினோம். மிஞ்சிய நான்கும் கண்மூடித் திறக்குமுன் மணலுட் புதைந்து, கண்ணை மாத்திரம் வெளியே நீட்டி எம்மைப் பார்த்தன.

எம் அன்னையாருக்குத் தொட்டியே பிடிக்கவில்லை. மச்சம் தொடாத சைவ மூதாட்டி. வீட்டுக்குள் மீன் என்றதும் முகஞ் சுழித்தார்.

"உயிருகளைப் பிடிச்சு மறியல் வைக்கிறது பாவமெல்லே, தம்பி" என்றார்.

நாம் மறுமொழி சொல்லவில்லை. ஆனால் முழங்கால் வலியால் அவருக்குக் கோவில் போக்கு நின்றபின், விறாந்தைக் கதிரை தொட்டியின் இடப்பக்கத்துக்கு நகர்ந்தது. நகர்த்தியவர் எவர் என்று நாம் விசாரிக்கவில்லை.

இதற்கிடையில் மகனுக்கு ஆசை மிகுந்தது. அயிரையின் உறவினங்கள் பல நாடுகளிலும் உண்டு என்று அறிந்துகொண்டான். அலங்கார மீன் விற்கும் கடை ஒன்றிற் 'கிளவுன் லோச்' ஐந்து வாங்கினோம். செம்மஞ்சள் மேனியில் மூன்று கரும்பட்டைகள். சுமத்திராவிலும் போர்ணியோவிலும் உள்ள ஆறுகளுக்குரியவை. உடன் ஆறு 'கூலி லோச்'. பெயர்ச்சீட்டைப் படித்த மகன், "இது என்ன வேலைக்குக் கூலி, அப்பா?" என்று கேட்டான். உண்மையில் அது கூல் என்னும் ஜெர்மானிய இளைஞரின் பெயர். யாவாத் தீவிலே உயிரினங்களை ஆராயச் சென்ற அவர் 1821 இல், இருபத்துநான்கு வயது நிறையுமுன், அங்கேயே நோயால் இறந்தார். அவர் பெயரை மீனுக்கு இட்டவரும் அதே வலன்சியேன். அதுவும் 1846 இல், அதே நூலில். யாவாவின் மீனும் கன்னியாவின் மீனும் பரிசிலே ஒரு நூலுட் சந்தித்து, பின்பு எமது விறாந்தையிலே ஒரு தொட்டியுட் சந்தித்தன என்றால் நகைப்பதா வியப்பதா?

நகைப்பு நீடிக்கவில்லை. யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீர் சுண்ணாம்புப் பாறையூடு வருவது; கேத்திலின் உட்புறத்தைப் பார்த்தாற் போதும். வயல் அயிரை அதனைப் பொறுத்துக்கொள்ளும். மழைக்காட்டு மென்னீரிற் பிறந்த மீனுக்கு அது ஆகாது. அத்துடன் புது மீன்களோடு வெண்புள்ளி நோயும் வந்து சேர்ந்தது. உடலெங்கும் உப்புப் பொடி தூவியது போலிருந்தது. கடைக்காரர் சொன்ன அளவு மருந்தை அப்படியே ஊற்றினோம். இவ்வின மீன்களின் செதில்கள் மிக நுண்ணியவை என்பதும், மற்றை மீன் தாங்கும் மருந்தை இவை தாங்கமாட்டா என்பதும், மூன்று 'கிளவுன்' இறந்த பின்னரே எமக்குத் தெரிந்தன. அடுத்த முறை அரையளவு மருந்தே ஊற்றினோம், நீரை 30 பாகை வரை சூடாக்கினோம், எஞ்சியவை பிழைத்தன.

அன்றிலிருந்து ஐப்பசி, கார்த்திகை மழையைப் பீப்பாக்களிற் பிடித்து வைத்துக் கிணற்றுநீருடன் கலந்து வார்ப்பது எமது வீட்டு வழக்கமாயிற்று. வாரந்தோறும் நாலிலொரு பங்கு நீர் மாற்றுவோம். ஒளிந்திருக்க உடைந்த மண்சட்டியும் தேங்காய்ச் சிரட்டையும் உண்டு. மேலே மூடி கட்டாயம் வேண்டும். ஓர் இரவு மூடி சிறிது விலகியிருந்தது. காலையிற் 'கூலி' ஒன்று சீமெந்து நிலத்திலே காய்ந்து கிடந்தது. இரை போடுவது பொழுதுபட்ட பின். இவை பகலில் ஒதுங்கி, மங்கல் ஒளியில் வெளிவருபவை.

அந்தப் பணியை அன்னையார் மெல்லத் தம்முடையதாக்கிக் கொண்டார். விளக்கு வைத்துத் தேவாரம் ஓதியபின், கதிரையில் இருந்தபடியே இடது மூலையில் இரையை இடுவார். 'கிளவுன்' மீனுக்குப் புலிக்குட்டி என்று பெயரும் வைத்தார். அது சில வேளை பக்கவாட்டிற் சரிந்து இறந்தது போலக் கிடப்பதுண்டு. முதன்முறை கண்டபோது வீட்டையே கூக்குரலிட்டு எழுப்பிவிட்டார். அது அவ்வினத்தின் உறங்கும் வகை.

"உதுகள் எந்த ஊர்?" என்று ஒரு நாள் கேட்டார். சுமத்திரா என்றோம். "கடல் தாண்டியே வந்ததுகள்! பாவங்கள்." பின் மணலைக் காட்டி, "இதுகள்?" என்றார். கன்னியாவின் கதையைச் சொன்னோம். அன்னையார் பிறந்தது திருகோணமலை. யாழ்ப்பாணத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஐம்பதாண்டுகள் கடந்திருந்தன. சிறிது நேரம் பேசாதிருந்தார். "அப்ப எங்கடை ஆக்கள்" என்றார்.

புலிக்குட்டிகள் இரண்டும் ஆறங்குலமாக வளர்ந்தன. இவ்வினம் ஓரடி வரை வளரும். இருபதாண்டுக்கு மேலும் வாழும். விற்கும்போது இரண்டங்குலக் குஞ்சாக விற்பவர் இதனைச் சொல்வதில்லை. இடம் போதாது தவித்தபோது, நண்பரொருவர், "இரணைமடுவிற் கொண்டுபோய் விடுங்கள், புண்ணியமாய்ப் போகும்" என்றார். நாம் மறுத்தோம். தொட்டி துப்புரவாக்கும் மீனென்று வாங்கப்பட்ட தென்னமெரிக்க மீனும், கத்தி போன்ற வடிவுடைய தாய்லாந்து மீனும் இவ்வாறே இந்நாட்டு நீர்நிலைகளிற் புகுந்து பெருகி இன்று தொல்லையாகி நிற்கின்றன. தொட்டியில் வாழ்ந்த மீனை வெளிநீரில் விடலாகாது என்று மகனுக்கு அன்று விளங்கப்படுத்தினோம். புலிக்குட்டிகளுக்கு ஆறடித் தொட்டி செய்யக் கொடுத்தோம். அந்த மாதச் செலவை எம் துணைவியார் இன்னும் மறக்கவில்லை.

மார்கழியில் அன்னையார் காலமானார். யாழ்ப்பாணத்தவர் அந்தியேட்டிக்குக் கீரிமலை செல்வதே வழக்கம். ஆனால் அவர், "என்ரை கருமம் கன்னியாவிலை ஆகவேணும்" என்று பல முறை சொல்லியிருந்தார். ஆகவே தை மாதத்தில் ஒரு வைகறை, வான் ஒன்றிற் புறப்பட்டோம். ஆனையிறவு கடக்கையில் விடிந்தது. வவுனியாவிலிருந்து ஒறவப்பொத்தானை வழியாகக் கிழக்கே திரும்பினோம். மாரி பெய்து ஓய்ந்த காலம். குளங்கள் நிறைந்து வானத்தைக் காட்டின. வாய்க்கால்கள் வீதியோடு ஓடி வந்தன. மகன் வழக்கத்துக்கு மாறாக வாய் திறவாது இருந்தான். மடியில் ஒரு துணிப்பை.

கன்னியாவில் கிரியைகள் முடிந்தன. சூடு குறைந்த கிணற்றிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக அள்ளி வார்த்துக் குளித்தோம். இவ்வெந்நீருக்கு எரிமலை காரணமன்று. மழைநீர் பாறைப் பிளவுகளினூடு வெகு ஆழத்துக்கு இறங்கி, நிலத்தின் உட்சூட்டைப் பெற்று மேலே மீள்கிறது. முன்பெய்த மழை, இறங்கிய வழியின் வெம்மையைச் சுமந்துகொண்டு மீண்டு வந்து எமது தலையில் வீழ்ந்தது.

ஈர வேட்டியுடன் திரும்பியபோது மகனைக் காணவில்லை. தேடிச் சென்றோம். குளித்த நீர் வழிந்தோடும் வடிகாலின் ஓரத்திலே, புல்லுக்குள் முழந்தாளிட்டிருந்தான். துணிப்பை திறந்திருந்தது. கையிலே போத்தல். போத்தலுக்குள் நான்கு அயிரைகள்.

"அப்பம்மா சொன்னவ, இதுகள் இந்த ஊர் எண்டு. அவவும் வந்திட்டா. இதுகளும் இருக்கட்டும், அப்பா" என்றான்.

நாம் சொல்லவேண்டியிருந்தது சுலபமானதன்று. அவை கன்னியாவிற் பிறந்தவையல்ல. கிளிநொச்சி வாய்க்காலிற் பிறந்தவை. அதனினும் பெரிது, ஐந்தாண்டாகச் சுமத்திரா மீனோடும் யாவா மீனோடும் ஒரு நீரில் வாழ்ந்தவை. அந்நிய மீன் கொண்டுவந்த நோயின் வித்து, வெளியே தெரியாமல் அவற்றின் உடலில் இருத்தல் கூடும். இவ்வடிகாலில் விட்டால் அது வயலுக்குச் செல்லும்; வயலிலிருந்து குளத்துக்குச் செல்லும். ஊர்மீன் ஆயினும் இனி அதற்கு ஊர்நீர் இல்லை. அவ்வாறு ஆக்கியவர் நாமேயன்றி அவை அல்ல. இதனைத் தாயின் அந்தியேட்டி நாளிலே, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னோம். மற்றை எந்தப் பாடத்தையும் இத்துணை விருப்பமின்றி நாம் நடத்தியதில்லை.

அவன் அழவில்லை. "நீங்கள்தானே அண்டைக்குச் சொன்னனீங்கள்" என்று மாத்திரம் முணுமுணுத்தான். போத்தலை மூடப் போனவன் நின்று, வடிகாலின் விளிம்பைச் சுட்டிக் காட்டினான். தெளிந்த நீரின் அடியிலே சிறிது மணல் எழும்பி அடங்கிற்று. ஏதோ ஒன்று புதைந்துகொண்டது. இருவரும் நெடுநேரம் பார்த்திருந்தோம், மறுபடி அசையவில்லை.

திரும்பும் வழியில் எமக்கிருந்த கவலையெல்லாம் போத்தலைப் பற்றியே. ஒரு போத்தல் நீரில் நான்கு மீன் அவ்வளவு நேரம் தாங்குமா? ஆனால் இவ்வினத்துக்கு இயற்கை ஓர் உபாயம் அளித்திருக்கிறது. நீரில் உயிர்வாயு குறைந்தால், மேலே வந்து காற்றை விழுங்கும்; குடலின் வழியே அவ்வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். வற்றும் வாய்க்காலிற் சேறே எஞ்சியபோதும் அயிரை உயிரோடிருப்பது இதனாற்றான். மாங்குளம் வரும்வரை மகன் மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தான். சிறிது நேரத்துக்கொருமுறை ஒன்று மேலே வந்து ஒரு வாய் காற்றெடுத்து இறங்கும். "நாலும் எடுத்திட்டுது" என்று எண்ணிச் சொல்லுவான். துணைவியார் உறங்கியபின் நாமும் சேர்ந்து எண்ணினோம்.

வீடு சேர இரவு எட்டு மணி. போத்தலைத் தொட்டி நீரில் அரைமணி நேரம் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமமாக்கியபின் கவிழ்த்தோம். நான்கும் ஒரு கணம் தயங்கி, மணலுள் மறைந்தன. அன்று இரை போட எமக்கு நினைவில்லை. விறாந்தை விளக்கை அணைக்கப் போனபோது கண்டோம்: யாவா மீன்களும் அயிரைகளும் வழக்கம்போல் இடது மூலையில், கதிரைப் பக்கமாகக் கூடி நின்றன. மகன் வந்து கதிரையைச் சிறிது ஒதுக்கி, அதே மூலையில் இரையை இட்டான்.