டீச்சர், எந்த ட்ரில்லர் வாங்கலாம்?



இந்த மாதம் மட்டும் மூன்று பேர் இதே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். புது வீட்டுக்குக் குடிபோன பழைய மாணவி ஒருத்தி. செகண்ட் ஹேண்ட் கார் வாங்கி, "அத்தை, கழட்டி மாட்ட என்ன மெஷின் வாங்கணும்?" என்ற தம்பி மகன். அமெரிக்காவிலிருந்து, "சித்தி, வரும்போது ஒரு செட் வாங்கி வரட்டுமா?" என்ற அக்கா மகள். மூவருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். முக்கால் மணி நேரப் பாடத்தைப் பொறுத்தவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

நான் எதற்கு வாங்கினேன் என்பதை முதலில் சொல்கிறேன். போன வருடம் உங்கள் சாருக்கு இடுப்பில் ஆபரேஷன். பாத்ரூமில் பிடித்துக்கொள்ள ஸ்டீல் கம்பி ஒன்று பொருத்தச் சொல்லி அனுப்பினார்கள். கம்பியை அன்றே வாங்கியாயிற்று. அதை மாட்ட வேண்டியவர் ஒன்பது நாள் "நாளைக்கு வர்றேம்மா" என்றார். அந்த ஒன்பது நாளும் அவர் குளித்து முடிக்கும்வரை கதவுக்கு வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். பத்தாம் நாள் கடைக்குப் போய்விட்டேன். "சார் வரலையாம்மா?" என்றார் கடைக்காரர். "சார் குளிக்கக் காத்திருக்கிறார், நீங்க பில் போடுங்க" என்றேன்.

எந்தக் கம்பெனி, எத்தனை வோல்ட் என்பதெல்லாம் பிறகு. "இந்தத் துளை எதைத் தாங்கப்போகிறது?" என்று முதலில் கேளுங்கள். காலண்டரையா, ஒரு மனிதரையா? மெஷின், பிட், ஸ்க்ரூ எல்லாமே அந்தப் பதிலிலிருந்துதான் தொடங்கும்.

எங்கள் பாத்ரூம் செங்கல் சுவர், மேலே டைல்ஸ். டைல்ஸும் அதன் பின்னாலிருக்கும் சிமென்ட் பூச்சும் சேர்ந்தே ஓர் அங்குலத்துக்கு மேல் போய்விடும். சின்ன ஸ்க்ரூ போட்டால் அந்தப் பூச்சிலேயே நின்றுவிடும். காலண்டருக்கு அது போதும், ஆளுக்குப் போதாது. பிளக் செங்கலுக்குள் போய் உட்கார வேண்டும். அதனால் நீளமான ஸ்க்ரூ வாங்கினேன். டைல்ஸ் மேல் பேப்பர் டேப் ஒட்டிக் குறி வைத்து, டைல்ஸ் பிட் போட்டு, ஹேமரை அணைத்துவிட்டு மெதுவாக ஓட்டினேன். டைல்ஸைத் தாண்டியதும் சுவர் பிட்டை மாற்றி ஹேமரைப் போட்டேன். குழாய்க்கு நேர் மேலும் கீழும் துளைக்கவில்லை, உள்ளே பைப் போகும். மெயின் ஸ்விட்சையும் அணைத்திருந்தேன். கம்பியில்லாத மெஷினின் அருமை அப்போது தெரியும், வீட்டில் கரண்ட் இல்லாமலே அது ஓடும். முடித்ததும் முதலில் நான் தொங்கிப் பார்த்தேன். அதன் பிறகுதான் அவரை விட்டேன்.

இனி மெஷின்களுக்கு வருவோம். கடையில் எல்லாமே துப்பாக்கி மாதிரிதான் இருக்கும், வேலை வேறு வேறு.

ஹேமர் உள்ள ட்ரில் டிரைவர்: செங்கல் சுவர், மரம், தகரம், ஸ்க்ரூ முடுக்குவது எல்லாம் இதில் ஆகும். முதல் மெஷின் இதுவாக இருக்கட்டும். கழுத்தில் இருக்கும் எண் வளையம் அழகுக்கு அல்ல. அந்த அளவு இறுகியதும் வழுக்கி நின்றுவிடும், ஸ்க்ரூவின் தலை தேயாது.

ரோட்டரி ஹேமர்: கான்கிரீட் தூண், பீம், கூரைத் தளம் இதற்குத்தான். உள்ளே பிஸ்டன் ஒன்று காற்றை அழுத்திப் பிட்டை அடிக்கும். சாதாரண ட்ரில்லரோடு கான்கிரீட்டில் மல்லுக்கட்டுபவர்கள் கையும் நோக, பிட்டும் தேய நிற்பார்கள். வருடத்துக்கு ஒரு ஃபேன் ஹூக் மாட்டத்தான் இது தேவையென்றால் வாடகைக்கு எடுங்கள், வாங்காதீர்கள்.

இம்பாக்ட் டிரைவர் நீளமான ஸ்க்ரூக்களுக்கு. இம்பாக்ட் ரெஞ்ச் வண்டி நட்டுகளுக்கு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இப்போது பேட்டரி. ட்ரில்லர் வாங்கும்போது நீங்கள் உண்மையில் ஒரு பேட்டரிக் குடும்பத்தில் சம்பந்தம் வைக்கிறீர்கள். ஒரு கம்பெனி பேட்டரி பெரும்பாலும் இன்னொன்றில் பொருந்தாது. ஒரே கம்பெனிக்குள்ளும் ஏமாறலாம்: பாஷின் நீல மெஷின் பேட்டரி பச்சை மெஷினில் ஏறாது, மக்கீட்டாவின் 18 வோல்ட் பேட்டரி அதன் 40 வோல்ட் மெஷினில் ஏறாது. ஆகவே அடுத்த ஐந்து வருடத்தில் என்னென்ன தேவைப்படும் என்று யோசித்து ஒரே குடும்பத்தில் இருங்கள். அடுத்த மெஷினைப் பேட்டரி, சார்ஜர் இல்லாமல் குறைந்த விலைக்கு வாங்கலாம்.

18 வோல்ட்டா, 20 வோல்ட் மேக்ஸா? என் பிள்ளைகள் இதில் ஏமாறக் கூடாது. ஒரு லித்தியம் செல் 3.6 வோல்ட். ஐந்தைத் தொடராக இணைத்தால் 18. முழுதாகச் சார்ஜ் ஏறியதும் அதே ஐந்தும் 20-ஐத் தொடும். இரண்டும் ஒன்றுதான், எழுதும் முறைதான் வேறு. மலிவு மெஷின்களில் 48, 88 என்று போட்டிருப்பதை வோல்ட் என்று நம்பிவிடாதீர்கள். வோல்ட்டை ஆம்பியர் மணியால் பெருக்குங்கள், கிடைக்கும் வாட் மணிதான் உண்மையான இருப்பு. 18 வோல்ட், 2 ஆம்பியர் மணி என்றால் 36. அதுவே 5 ஆம்பியர் மணி என்றால் 90. வீட்டு வேலைக்கு 2 ஆம்பியர் மணியில் இரண்டு பேட்டரி போதும். கனமும் குறைவு, என் வயதுக்கு அது முக்கியம்.

பேட்டரியை வெயிலில் நிற்கும் காருக்குள் விடாதீர்கள். மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் பாதிச் சார்ஜில் குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

தம்பி மகனுக்குத் தனியாக ஒன்று. நீ டயர் மாற்றத்தான் மெஷின் கேட்கிறாய். வாங்கிக்கொள். அரை அங்குல இம்பாக்ட் ரெஞ்ச், கறுப்பு நிற இம்பாக்ட் சாக்கெட் இரண்டும் வேண்டும். பளபளக்கும் சாதா சாக்கெட்டை அதில் மாட்டினால் வெடித்துத் தெறிக்கலாம். ஆனால் அது கழற்ற மட்டும். மாட்டும்போது கையால் நூல் பிடிக்க வைத்து, எதிரெதிர் நட்டாக முடுக்கி, கடைசி இறுக்கத்தை டார்க் ரெஞ்ச்சில் செய். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். உன் வண்டியின் சரியான அளவு அதன் கையேட்டில் இருக்கிறது.

பத்தாம் வகுப்பில் நடத்தினேனே, விசை பெருக்கல் தூரம் திருப்புத்திறன் என்று. 30 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் 30 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தினால் ஏறக்குறைய 90 நியூட்டன் மீட்டர். ஒரு பெண்ணின் கைக்கு எட்டாத கணக்கல்ல. ஆனால் ஒரு பஞ்சர் கடையில் ஏர் கன்னை வைத்து எங்கள் கார் நட்டுகளை முறுக்கியிருந்தார்கள். திண்டிவனம் தாண்டி இரவு பத்து மணிக்கு டயர் இறங்கியபோது ஸ்பேனர் மேல் ஏறி நின்றும் ஒரு நட்டு அசையவில்லை. லாரிக்காரர் ஒருவர் நீளக் குழாயைக் கோத்துக் கழற்றிக் கொடுத்தார். நட்டு தளர்ந்தால் ஆபத்து, அளவுக்கு மீறி இறுகினாலும் ஆபத்து. ஸ்டட் நீண்டு பலவீனமாகிவிடும். பைக் எஞ்சின் ஆயில் போல்ட்டிலும் மெஷினை வைக்காதே. அலுமினியத்தில் மரை போய்விட்டால் செலவு பெரிது.

அமெரிக்கா மகளுக்கு: அங்கே விற்கும் சார்ஜர்களில் பல 120 வோல்ட்டுக்கு மட்டுமே ஆனவை, நம் 230-இல் போட்டால் புகைந்துவிடும். சார்ஜரின் அடியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு முடிவு செய். பேட்டரியைக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், லக்கேஜில் போடக் கூடாது. 100 வாட் மணிக்கு மேல் இருந்தால் விமானக் கம்பெனியின் அனுமதி வேண்டும். என்னைக் கேட்டால், மெஷின் வேண்டாம், நீ வா.

கடைசியாகக் கட்டிங் மெஷின். கார்டைக் கழற்றிவிட்டு ஓட்டும் யாரையும் என் மாணவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. டிஸ்க்கில் எழுதியிருக்கும் அதிகபட்ச வேகம் மெஷினின் வேகத்தைவிடக் குறையக் கூடாது. கண்ணாடி போடாமல் தொடவே தொடாதீர்கள். மெஷினுக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கைக் கண்ணுக்கும் காதுக்கும் ஒதுக்குங்கள்.

எங்கள் தெருவில் இப்போது நாலு வீட்டுக்கு என் ட்ரில்லர்தான் போய் வருகிறது. இரவல் கேட்டு வருகிறவர்களிடம் முதல் கேள்வி, "எதை மாட்டப் போறீங்க, எவ்வளவு எடை?" பதில் சொன்னால்தான் பெட்டியைத் திறப்பேன். நீங்களும் சந்தேகத்தைக் கீழே கேளுங்கள். சுவரின் போட்டோவோடு கேட்டால் இன்னும் நல்லது.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் டீச்சர்