வீட்டு வேலை

2022 ஏப்ரல், ஜனாதிபதித் தேர்தலின் இரண்டாம் சுற்றுக்கு முந்தைய வாரம். பாரிசில் ஓர் அலுவலகக் கட்டடத்தை விடியமுன் துப்பரவு செய்யும் வேலை எனக்கு. கோப்பி குடிக்கும் இடைவெளியில், என்னோடு வேலை செய்த பிரெஞ்சுப் பெண் தன் வாக்கு மரின் லு பென்னுக்கு என்று சொன்னாள். "அவளும் பிள்ளைகளைத் தனிய வளர்த்தவள்தானே. எங்கட கஷ்டம் அவளுக்கு விளங்கும்."

அவளுக்கு என்மேல் பகை ஏதும் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் என் மாடியையும் சேர்த்துக் கூட்டியவள். எனக்கு இந்த நாட்டில் வாக்கில்லை, பத்து வருட வதிவிட அட்டைதான் இருக்கிறது. ஆனாலும் அவள் சொன்னது வீடு வரை என்னோடு வந்தது.

மரினின் கதையைப் படித்திருக்கிறேன். 1968இல் பிறந்தவர். எட்டு வயதில், 1976 நவம்பரில் ஓர் இரவு, அவர்கள் வசித்த பாரிஸ் கட்டடத்தில் குண்டு வெடித்தது. இலக்கு தகப்பன் ஜோன்-மரி லு பென். குடும்பத்தில் எவரும் சாகவில்லை. குண்டுச் சத்தத்தில் விழித்தெழுந்த பிள்ளை எப்படி நடுங்கும் என்று எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. 1984இல் தாய் பியெரெத் வீட்டைவிட்டுப் போனார். மூன்று மகள்மாரும் தகப்பன் பக்கம் நின்றார்கள்.

பிரிந்த மனைவி பணம் கேட்டபோது, வேண்டுமென்றால் வீடு துடைத்துப் பிழைக்கட்டும் என்று தகப்பன் ஒரு பேட்டியில் சொன்னார். 1987இல் தாய் அதற்குப் பதில் கொடுத்தார். பணிப்பெண் வேடத்தில், அரை நிர்வாணமாக, பிளேபாய் சஞ்சிகையில் படங்கள் வந்தன. மரினுக்கு அப்போது பதினெட்டு வயது.

இந்தக் கதையைத் தோழிகள் சிரித்துச் சொல்வார்கள். ஆணாதிக்கத்துக்குக் கிடைத்த செருப்படி என்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அவர் அவமானப்படுத்தத் தேடி எடுத்த சொல் என் தொழில். அந்த அம்மா பழிவாங்க உடுத்ததும் என் தொழிலின் உடுப்பு. வீடு துடைத்தே பிள்ளை வளர்க்கிற பெண்ணொருத்தி அந்தச் சண்டையில் இரண்டு பேர் கண்ணிலும் படவில்லை.

மகள் 1992இல் சட்டத்தரணியானார். நீதிமன்றம் ஒதுக்கிய வழக்குகளில் விசா இல்லாதவர்களுக்காகவும் வாதாடியிருக்கிறார். 1998இல் தகப்பனின் கட்சியான தேசிய முன்னணியின் சட்டப் பிரிவுக்குப் போனார். 2011இல் தலைவியானார். நச்சுவாயு அறைகள் வரலாற்றில் ஒரு சிறு விவரம் என்று தகப்பன் மறுபடியும் சொன்னபோது, 2015இல் அவரைக் கட்சியைவிட்டே நீக்கினார். 2018இல் கட்சியின் பெயரையும் மாற்றினார். 2002இல் தகப்பனுக்கு இரண்டாம் சுற்றில் 17.8 வீதம். மகளுக்கு 2017இல் 33.9, 2022இல் 41.5. தகப்பனுக்கு வாக்களிக்கத் தயங்கிய பெண்கள் மகளுக்குத் தயங்கவில்லை.

பெண் என்ற அடையாளத்தை அவர் நன்றாகவே பயன்படுத்தினார். 2016இல், கொலோன் நகரப் புத்தாண்டு இரவுச் சம்பவங்களுக்குப் பிறகு, சிமோன் த பூவாவைத் துணைக்கு அழைத்து, குடியேறிகளால் பெண்ணுரிமை அழிந்துவிடும் என்று பத்திரிகையில் எழுதினார். அடுத்த வருடம் பெய்ரூட்டில் முக்காடு போட மறுத்து, முஃப்தியைச் சந்திக்காமலே திரும்பினார். ஒரு பெண் தன் தலையை மூட மறுப்பது அவளுடைய உரிமை. அதில் எனக்கு வாதமில்லை. ஆனால் 2022இல் அவர் கேட்டது, தெருவில் முக்காடு போடும் பெண்களுக்குத் தண்டப்பணம். குடும்பக் கொடுப்பனவு பிரெஞ்சுக் குடும்பங்களுக்கு மட்டும். அரசாங்க வீடுகளிலும் அவர்களுக்கே முன்னுரிமை.

அடுத்த நாள் அவளிடம் இதைச் சொன்னேன். "உன்ர பிள்ளைக்குக் கிடைக்கும். என்ர பிள்ளைக்குக் கிடையாது. நாங்கள் ரெண்டு பேரும் துடைக்கிறது ஒரே தரைதானே."

அவள் சங்கடப்பட்டாள். "அது உன்னைப் பற்றியில்லை. நீ வேலை செய்யிறனி. அது மற்ற ஆக்களைப் பற்றி" என்றாள். சொல்லும்போது அவள் கண் மேலே போனது. மூன்றாம் மாடியில் மாலி நாட்டுப் பெண் ஒருத்தி வேலை செய்தாள். முக்காட்டின் நுனியைப் பின்னால் முடிந்துகொண்டு தரை துடைப்பவள்.

ஒரு கணம் எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த 'மற்ற ஆட்களில்' நான் இல்லை என்ற ஆறுதல். அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் எழுதாவிட்டால் இந்தக் கட்டுரை மரினைப் பற்றியதாக மட்டுமே முடிந்துவிடும். அவருடைய அரசியல் வெறுப்பால் மட்டும் வளரவில்லை. 'நீ நல்லவள், நீ அவளில்லை' என்ற சொல் கொடுக்கும் இதத்தாலும் வளர்கிறது. அந்த இதம் என் நெஞ்சுக்குள்ளும் வந்து போனது.

2025 மார்ச்சில், ஐரோப்பியப் பாராளுமன்றப் பணத்தில் கட்சி ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுத்த வழக்கில் மரினைக் குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்த்தது. ஐந்து வருடம் தேர்தலில் நிற்கத் தடை. அவர் மேன்முறையீடு செய்தார். பொம்பிளை என்றபடியால்தான் விழுத்திறாங்கள் என்று என் தோழி கோபப்பட்டாள். அந்தத் தீர்ப்பை வழங்கிய அமர்வுக்குத் தலைமை தாங்கியதும் ஒரு பெண்தான் என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. நாங்கள் இன்னும் ஒன்றாகத்தான் கோப்பி குடிக்கிறோம்.

2022இல் அந்தக் காலை நான் மூன்றாம் மாடிக்கும் போனேன். மாலிப் பெண்ணின் வாளியில் ஒரு பக்கம் பிடித்தேன். ஏன் வந்தாய் என்று கேட்டாள். என்னால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. "வாளி பாரம்தானே" என்றேன்.