வள்ளத்துக்குக் கீழே யார் படுத்தது?

“நாய்க்கு எதற்கு இடம் தேடுகிறீர்கள்? வள்ளத்தைக் கவிழ்த்து வையுங்கள், அதற்குக் கீழே படுத்துக்கொள்ளும். வொயாஜர் காலத்திலிருந்தே அப்படித்தான்.”

என் நாய் கறுப்பியை அல்கொங்குயின் பூங்காவுக்குக் கூட்டிப்போகத் தொடங்கியதிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. கனூ வாடகைக்குக் கொடுக்கும் கடையில் சொன்னார்கள். ஏரிக்கரையில் பக்கத்தில் கூடாரம் அடித்திருந்தவர் சொன்னார். ரொறன்ரோவில் எங்கள் தெருவால் தன் நாயோடு நடந்து போகிற பெரியவரும் சொன்னார். ஒருவராவது தான் கண்டதாகச் சொல்லவில்லை, எல்லோரும் யாரோ சொல்லக் கேட்டவர்கள். ஆனால் ‘அந்தக் காலத்திலிருந்தே’ என்று வந்து விழுந்ததும் பேச்சு முடிந்துவிடும். மரபு என்றால் மறுபேச்சு ஏது?

கவிழ்த்து வைத்த கனூவுக்குக் கீழே தலையை நுழைத்துப் பாருங்கள். முன்முனையும் பின்முனையும் மேல்நோக்கி வளைந்த வள்ளம் அது. குப்புற வைத்தால் இரண்டு முனைகளும் நிலத்தில் ஊன்றும், நடு விளிம்பு நிலத்தைவிட்டு எழும்பி நிற்கும். காற்று இந்தப் பக்கத்தால் வந்து அந்தப் பக்கத்தால் போகும். நுளம்புக்கு வாசல் திறந்தே கிடக்கும். நாயை அதில் கட்டிவைக்கலாம் என்றாலும் சரிவராது. கெவ்லர் கனூ 20 கிலோ வரும், கறுப்பி 28 கிலோ. ஓர் அணில் ஓடினால் போதும், வள்ளத்தை இழுத்துக்கொண்டு போய்விடுவாள். இதையா தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தார்கள்?

வொயாஜர்கள் என்பவர்கள் மொன்றியலிலிருந்து மேற்கே ஏரி ஏரியாகத் துடுப்புப் போட்டு, பீவர் தோல் வணிகத்தைத் தோளில் சுமந்த பிரெஞ்சுக் கனடியத் தொழிலாளர்கள். அவர்களிடமிருந்தே தொடங்கலாம் என்று பீற்றர்பரோவுக்குப் போனேன். அங்கே கனூவுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, 600க்கு மேற்பட்ட வள்ளங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பேர்ச் மரப்பட்டையில் கட்டிய வள்ளம் ஒன்றின் முன்னால் நெடுநேரம் நின்றேன். பட்டைத் துண்டுகளை ஸ்புரூஸ் மரத்தின் வேரால் தைத்திருக்கிறார்கள். தையல் ஓடும் இடமெல்லாம் கறுப்பாகப் பிசின் பூசியிருக்கிறது. உள்ளே சீடர் மரத்தில் மெல்லிய விலாச்சட்டங்கள், நெருக்கி நெருக்கி. பகல் முழுவதும் கல்லிலும் கட்டையிலும் உரசி வந்த வள்ளத்தை மாலையில் கரைக்குத் தூக்கி, கசிகிற இடம் பார்த்துப் பிசினைச் சூடாக்கிப் பூசிவிட்டுத்தான் அவர்கள் படுப்பார்கள்.

அவர்கள் படுத்தது வள்ளத்துக்குக் கீழேதான். அதில் ஐயமே இல்லை. வள்ளத்தைச் சரித்து வைத்து, அதன் மேலிருந்து ஒரு துணியை இழுத்துக் கட்டி, அதற்குள் உடலைச் சுருட்டிக்கொண்டார்கள். பிரான்சிஸ் ஆன் ஹொப்கின்ஸ் என்ற ஓவியர் 1871இல் வரைந்த ‘விடியலில் வொயாஜர்கள்’ ஓவியம் பெயர் பெற்றது. அவர் தோல் வணிகம் நடத்திய ஹட்சன் பே கொம்பனியின் அதிகாரி ஒருவரின் மனைவி, அந்த வள்ளங்களிலேயே பயணம் செய்தவர், ஆகவே கண்டதை வரைந்தவர். அந்த ஓவியத்தின் பெரிய அச்சுப்படி ஒன்றை மேசையில் விரித்து, மூலை மூலையாக ஒரு வாலைத் தேடினேன். வள்ளம் இருந்தது, நெருப்பு இருந்தது, மனிதர்கள் இருந்தார்கள். என் கண்ணில் நாய் அகப்படவில்லை.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெரிய வள்ளத்தின் நீளம் 36 அடி. பாரம் எல்லாம் 90 இறாத்தல் மூட்டைகளாகக் கட்டப்பட்டது, ஏரிக்கும் ஏரிக்கும் இடையே தரைவழி வந்தால் ஓர் ஆள் இரண்டு மூட்டையை முதுகில் ஏற்றினான். துடுப்புப் போடுகிறவனுக்கே காலை நீட்ட இடமில்லாத வள்ளத்தில், ஒரு மூட்டைக்குரிய இடத்தை எந்த வணிகன் நாய்க்குக் கொடுப்பான்? நாயின் வேலைக்காலம் குளிர்காலம், சறுக்குவண்டி இழுக்கும் காலம். அந்த நாய்கள் வெளியே, பனியில், வாலால் மூக்கை மூடிச் சுருண்டு உறங்கின. அடர்ந்த உள்மயிரும் மேலே விழுந்த உலர்பனியும் சூட்டை வெளியே விடாது. ‘நாய்க்குக் கூரை வேண்டாம்’ என்ற நம்பிக்கைக்கு இதுவும் ஒரு வேர் என்று நினைக்கிறேன். ஆனால் உலர்பனி வேறு, ஜூன் மாதத்து மழை வேறு. நனைந்த மயிர் சூட்டைப் பிடித்து வைக்காது.

மாதக்கணக்கில் இதிலேயே கிடந்தேன். வள்ளம் கிடைத்தது, வள்ளத்தின் கீழ் ஆள் கிடைத்தது, நாய் மட்டும் கிடைக்கவே இல்லை.

கிடைத்தது மேற்கே, அலெக்சாண்டர் மக்கென்சியின் குறிப்பேட்டில். 1793ஆம் ஆண்டு மே மாதம் பீஸ் ஆற்றிலிருந்து பசிபிக் கடலைத் தேடிப் புறப்பட்டவர் அவர். 25 அடி வள்ளம், 3000 இறாத்தல் பாரம், பத்துப் பேர், ஒரு நாய். அந்த நாய்க்குப் பெயர்கூடக் கிடையாது, ‘எங்கள் நாய்’ என்றுதான் எழுதுகிறார். வாசித்த அன்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வள்ளத்தில் போன நாய், பெயர் போன பயணம், ஆண்டோடு பதிவு! இனி அது இரவில் எங்கே படுத்தது என்று பார்த்தால் முடிந்தது என்று பக்கங்களைப் புரட்டினேன்.

அது படுத்ததாகவே இல்லை. ஜூன் மாதத்து இரவொன்றில் முகாமுக்கு அருகே காட்டில் ஏதோ சரசரக்கிறது. நாய் அந்தத் திசையை நோக்கி ஓடுவதும் திரும்புவதுமாக இரவு முழுவதும் நிலைகொள்ளாமல் தவிக்கிறது. காவலுக்கு இருந்தவன் நாலுகாலில் ஊர்ந்துபோன உருவம் ஒன்றைக் கண்டதாகச் சொல்கிறான். விடிந்து பார்த்தால், கண் தெரியாத ஒரு முதியவர். அந்நியர் வந்தார்கள் என்று ஊரவர் ஓடி ஒளிந்தபோது ஒளிந்தவர், பசி தாங்காமல் வெளியே வந்திருக்கிறார். பிறகு அந்த நாய் பெல்லா கூலா பள்ளத்தாக்கில் தொலைந்து, அவர்கள் கடலைக் கண்டு திரும்பும் வழியில் எலும்பும் தோலுமாகக் கிடைக்கிறது. அது படுத்த இடம் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இதை அம்மாவிடம் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கு என் தேடலைவிட வேறு கவலை. “பிள்ளை, நாயைக் கூடாரத்துக்குள்ள விட்டோ படுக்கிறாய்?” என்றார். அப்புவின் நாய் எங்கே படுத்தது என்று திருப்பிக் கேட்டேன். வன்னியில் காட்டோரமாய் இருந்த தோட்டத்தில் பன்றிக்கும் யானைக்கும் காவலாக அப்பு பரணில் இரவு தங்குவார் என்பதும், கூட ஒரு நாய் போகும் என்பதும் எனக்குக் கதையாக அரைகுறையாய்த் தெரியும். பரணுக்குக் கீழே, நெருப்பு அணைந்த சாம்பலில் அது சுருண்டு கிடப்பதாக ஒரு படம் மனதில் இருந்தது. அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார்.

“அது எங்க படுத்தது? அப்புதான் படுத்தவர். நாய் முழிச்சுக்கொண்டெல்லே இருந்தது.”

தேடல் திசை மாறியது அந்த இடத்தில்தான். நாய் எங்கே படுத்தது என்பதை விட்டுவிட்டு, இரவில் அதற்கு என்ன வேலை என்று தேடத் தொடங்கினேன். பதில்கள் வரிசையாக வந்தன. மெரிவெதர் லூயிஸ் 1803இல் 20 டொலர் கொடுத்து வாங்கிய நியூபவுண்ட்லாந்து நாய் சீமன், அமெரிக்காவின் மேற்கை ஆராயப் புறப்பட்ட லூயிஸ்-கிளார்க் பயணத்தில் மிசூரி ஆற்றோடு மேற்கே போனது. 1805 மே மாதக் கடைசியில் ஓர் இரவு, ஆற்றை நீந்திக் கடந்த காட்டெருமைக் கடா ஒன்று கட்டியிருந்த படகின் மேலேறி, உறங்கிக் கிடந்தவர்களின் தலைகளுக்கு 18 அங்குலம் தள்ளி ஓடி, லூயிஸின் கூடாரத்தை நோக்கிப் பாய்ந்தது. நாய் அதைத் திருப்பிவிட்டது. அடுத்த மாதம், பெரும் அருவிகளுக்கு அருகே, கரடிகள் இரவுதோறும் முகாமைச் சுற்றுகின்றன, நாய் விடியவிடிய ரோந்து சுற்றி எங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது என்று எழுதுகிறார் லூயிஸ்.

ஆக, வெளியே இருந்தது நாய்க்குக் கொடுத்த படுக்கை இல்லை, காவல் நிலை. மனிதர் கண்மூட வேண்டி நாய் விழித்திருந்தது.

ஓராண்டு தாண்டி, 1806 ஜூலை 15. அதே அருவிப் பக்கம். நுளம்புத் தொல்லை தாங்கமுடியவில்லை, வலைக்குள் நுழைந்தால்தான் மனிதர்களுக்கு உயிர். அந்த வேதனையில் தன் நாய்கூட ஊளையிடுகிறது என்று லூயிஸ் எழுதிவைக்கிறார். அந்தப் பயணக் குறிப்பேடுகளில் சீமனைப் பற்றி வரும் கடைசிச் செய்தி அதுதான். எருமையைத் திருப்பிய நாய், கரடிகளுக்குக் காவல் நின்ற நாய், வலைக்கு வெளியே நின்று அழுகிறது. இதை வாசித்தபின் என்னால் ‘நாய்க்கு எதற்கு இடம்’ என்று கேட்பவரோடு சிரித்துக்கொண்டு பேச முடியவில்லை. கோபம் வந்தது, இன்னும் வருகிறது.

ஆனால் வள்ளத்துக்குக் கீழே என்ற கதை எங்கிருந்து வந்தது என்பது தீராமல் நின்றது. அதைத் தீர்த்தவர் ஹண்ட்ஸ்வில் பக்கம் இருக்கும் ஒரு பெரியவர். எண்பதைக் கடந்தவர். இளவயதில் பையன்களின் கோடைமுகாமொன்றில் வழிகாட்டியாக இருந்தவர், இப்போது கன்வஸ் போர்த்திய பழைய கனூக்களைப் பழுதுபார்க்கிறார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. நான் நாயைப் பற்றிக் கேட்பேன். அவர் கன்வஸை எவ்வளவு இழுத்துப் பிடித்தால் சுருக்கம் விழாது என்று சொல்லுவார். என் கையில் பித்தளை ஆணிகளைக் கொட்டி, ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி அடிப்பார்.

“உங்கள் நாய் எங்கே படுத்தது?”

“வள்ளத்துக்குக் கீழே.”

“ஏன்?”

“அது அங்கே போய்ப் படுத்தது.”

அடுத்தமுறையும் இதேதான். அதற்கடுத்த முறையும். ஒருநாள் ஆணி நீட்டிக்கொண்டே, வள்ளத்துக்குக் கீழே வேறு என்ன இருந்தது என்று கேட்டேன். சுத்தியலைக் கீழே வைத்தார்.

மூட்டைகள், என்றார். மா மூட்டை, சீனி, பன்றி இறைச்சிப் பாளம். அந்நாளில் சாப்பாட்டை இரவில் மழைக்குக் காக்க வள்ளத்துக்குக் கீழேதான் அடுக்குவார்களாம். கரடி வந்து தட்டினால் உருண்டு சத்தம் போட, வள்ளத்தின் முதுகில் சமையல் சட்டிகளைக் குவித்துவைப்பார்களாம். நாய் அங்கே படுத்தது இறைச்சி மணத்துக்கு. “நாங்கள் அதை அங்கே போடவில்லை. மழை பெய்தால் எழும்பி எங்கள் கூடாரத்துக்குள் வந்துவிடும்.”

இவ்வளவுதான். வள்ளம் சாப்பாட்டுக்குக் கூரை. நாய் சாப்பாட்டுக்குப் பக்கத்தில். சாப்பாடு போய்விட்டது, சட்டிகள் போய்விட்டன, காவல் வேலையும் போய்விட்டது. வள்ளத்துக்குக் கீழே நாய் என்பது மட்டும் மரபாக நின்றுவிட்டது. இன்றைக்குச் சாப்பாட்டுப் பையைக் கரடிக்கு எட்டாமல் கூடாரத்துக்குத் தள்ளி மரத்தில் கட்டித் தொங்கவிடுகிறோம். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் நாயின் கயிறு 2 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. 2 மீட்டர் கயிற்றில் எந்த நாய் ரோந்து சுற்றும்? அல்கொங்குயின் காடோ ஓநாய்க் காடு. 1963இலிருந்து ஆட்களைக் கூட்டிப்போய் ஊளையிட்டுக் காட்டி, ஓநாய்களின் பதில் ஊளையைக் கேட்கச் செய்கிற பூங்கா அது. அங்கே இரவில் நாயை வெளியே கட்டிப்போட்டால், ஓடவும் முடியாமல் எதிர்க்கவும் முடியாமல் விடுகிறோம் என்று பொருள்.

நாங்கள் இரண்டு பேர், இப்போது மூன்று பேருக்கான கூடாரம் எடுத்துப் போகிறோம். கூடும் எடையைத் தரைவழிகளில் நான் சுமக்கிறேன். மே, ஜூனில் கருஈக்கள் கறுப்பியின் வயிற்றில் மயிர் குறைந்த இடத்தையும் காதின் உட்புறத்தையும்தான் தேடிப் பிடிக்கும், கடித்த இடம் சிவந்து தடிக்கும். ஆகவே பொழுது சாயும்போதே அவளை வலைக்கு உள்ளே எடுத்துவிட வேண்டும். வாசலில் துவாய் ஒன்று. முதலில் முன்கால்கள், பிறகு வயிறு, கடைசியாக விரல் இடுக்குகள். ஊசியிலை ஒன்று அங்கே ஒட்டியிருந்தாலும் இரவு முழுக்க நக்கிக்கொண்டிருப்பாள். காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் உண்ணி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது அப்போதுதான். நகம் கூடாரத்தின் அடித்துணியைக் கிழிக்காமல் இருக்க ஒரு நுரைப்பாயை அவள் நீளத்துக்கு வெட்டி விரிக்கிறேன்.

அந்தப் பாயைப் பற்றிப் பெரியவரிடம் சொன்னபோது அவருக்குப் பிடிக்கவில்லை. கூடாரத்துக்குள் எடுத்தது சரி, நாய்க்குப் பாய் எதற்கு என்றார். நிலம் உடம்புச் சூட்டை உறிஞ்சும், கம்பளத்தை மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பதுதான் பயன் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த கனூவுக்கு ஆணி நீட்டப் போகும்போது இன்னொருமுறை சொல்லிப் பார்க்க இருக்கிறேன்.